வடக்குப் பெஞ்சுக்கு ஒரு யாக்கோபு

குசியார்வி,
மே 14, 1779

அன்புள்ள வல்புரிக்கு,

ஆண்டவர் தயவில் கை கால் சுகத்தோடு வந்து சேர்ந்தேன். நீயும் குழந்தை கெர்த்துவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் அம்மாவின் முழங்கால் தேவலையா?

ஏரியில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. போதகர் லகுஸ் படகுத்துறைக்கே வந்து, என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கோயிலைக் காட்டினார். இந்த ஊருக்கு இது மூன்றாவது கோயில். முதலாவதை ருஷ்யர் கொளுத்தினார்கள். இரண்டாவது தரை ஈரத்தில் தானாகவே உளுத்து உட்கார்ந்துவிட்டது. இந்தத் தடவை மேட்டில் கல் அடுக்கி, அதன்மேல் பைன் மரத்தடிகளைக் கோத்து, சிலுவை வடிவில் கட்டியிருக்கிறார்கள், கட்டிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் உள்ளே ஒரு பொட்டு வர்ணம் கிடையாது. மேல்மாடத்தின் முன்பக்கம் சுற்றிவரப் பன்னிரண்டு கட்டங்கள் விட்டிருக்கிறார்கள், கட்டத்துக்கு ஒரு அப்போஸ்தலராக ஆண்டவரின் சீடர்களை நான் தீட்ட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முந்தி, அட்வெந்து முதல் ஞாயிறு, தலைமைப் போதகர் பார்வையிட வருகிறார். அதற்குள் பன்னிரண்டு பேரும் மேலே ஏறியாக வேண்டும்.

இப்போது கோபப்படாமல் கேள். உன் அப்பாவின் மாதிரிப் படங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு அங்கி வரும், கை வரும், கால்விரல் நகம்கூட வரும். படம் பார்க்காமல் முகம் மட்டும் வராது. உனக்குத் தெரியாததா? சும்மா இருக்க முடியாமல் நேற்று ஒரு பலகையில் பேதுருவை முயன்று பார்த்தேன். போதகர் வந்து வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு ஆப்பெலி. ஆனா எங்க மாமியார எதுக்கு வரஞ்ச?" என்றார்.

பன்னிரண்டு படங்களையும் அடுத்த தபாலில் அனுப்பிவிடு, தாயே. கெர்த்துவுக்கு முத்தம்.

உன் ஆப்பெலி

---

ஊலு,
ஜூன் 3

என் கணவர் ஆப்பெலிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாய் அதைவிட நன்றாக இருக்கிறது. "யார்கிட்டேருந்துடீ கடிதம்?" என்று கேட்டாள். "யாரோ ஆப்பெலியாம், தெரிஞ்சவர் மாதிரி எழுதியிருக்கார்" என்றேன்.

படங்கள் பெட்டியில் உங்கள் நல்ல காலுறைகளுக்கு அடியில் இருந்தன. காலுறைகளையும் விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள்.

போன கோயிலுக்குப் போனபோது ஒரே ஒரு கடிதம் எழுதினீர்கள். "சவரக்கத்தி அனுப்பு" என்று அதில் இருந்தது. வேறொன்றும் இல்லை. அதனால் இந்தத் தடவை நான் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். அங்கிருந்து கடிதம் வந்தால் இங்கிருந்து அப்போஸ்தலர் வருவார். கடிதம் வராவிட்டால் அவரும் வரமாட்டார். முதல் தவணையாகப் பேதுரு, அந்திரேயா, யோவான் மூவரையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பேதுருவின் சாவி இருக்கும் மூலை கொஞ்சம் கிழிந்திருக்கிறது. அது நான் செய்ததல்ல, அப்பா காலத்துக் கிழிசல்.

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒரு விஷயத்தைக் காணோம். வீட்டுக்கு எப்போது வருகிறீர்கள்? கெர்த்துவுக்கு மூன்று வயதாகிறது. அவள் பிறந்ததிலிருந்து ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட நீங்கள் இந்த வீட்டில் இல்லை.

வல்புரி

---

குசியார்வி,
ஜூலை 9

அன்புள்ள வல்புரிக்கு,

மூவரும் மடங்காமல் கசங்காமல் வந்து சேர்ந்தார்கள். எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை, கொசுக்கள் என்னைவிடச் சுகமாக இருக்கின்றன. போதகரின் வைக்கோல் கொட்டகையில் வைத்து மூவரையும் தீட்டி முடித்துவிட்டேன்.

இனிமேல்தான் கூத்து. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் கோயிலில் சொந்தப் பெஞ்சு. எந்தக் கட்டத்துக்குக் கீழே எந்த வீடு உட்கார்கிறது என்று எல்லோருக்கும் அத்துப்படி. அப்போஸ்தலர்கள் வரப்போகிறார்கள் என்றதும் ஊரே கொட்டகைக்கு வந்துவிட்டது. முஸ்தோலா வீட்டுப் பெண்கள் வரிசையாக நின்றுகொண்டு, "தோல உரிச்சுக் கையில தொங்கவிட்டுக்கிட்டு, கத்தியோட ஒருத்தர் இருப்பாராமே, அவர எங்க தலைக்கு மேல மாட்டிறாதீங்க! வயித்துப்புள்ளக்காரிங்க உக்கார்ற எடம்!" என்றார்கள். மர அறுப்புக் கொட்டகைக்காரர் சீமோனைத்தான் கேட்கிறார், அவர் கையில் ரம்பம் இருக்கிறதாம். அந்த ரம்பத்தால்தான் சீமோனை அறுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கடைசியில் போதகர் வெண்ணெய்த் தொட்டியில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்.

ஏரிக்கு அக்கரையில் கார்னா வீடு என்று ஒன்று. தலைவர் பெயர் எஸ்கோ. கோயிலுக்குப் பாதி மரம் அவர் காட்டிலிருந்துதான் வந்ததாம். ஆனால் சிலுவையின் வடக்குக் கையில், மூலையில் பெஞ்சு கிடைத்திருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் பீடமும் தெரியாது, பிரசங்கியாரும் தெரியாது, தூண்தான் தெரியும். சீட்டில் அவருக்கு இரண்டு யாக்கோபுகளில் பெரிய யாக்கோபு விழுந்தார். மனிதர் என் தோளில் ஓங்கித் தட்டினார். "பன்னண்டு வருஷமா தூணப் பாத்துக்கிட்டு ஜெபம் பண்றோம். எங்களப் பாக்கவும் ஒருத்தர் வர்றாரே! கண்ண மட்டும் நல்லா வரைஞ்சிருப்பா" என்றார். தோள் இன்னும் வலிக்கிறது.

மீதிப் பேரை அனுப்பு. உன் அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

ஆப்பெலி

---

ஊலு,
ஆகஸ்ட் 11

என் கணவருக்கு,

வீட்டில் எல்லோருக்கும் சுகம். பசு கன்று போட்டிருக்கிறது. கெர்த்து நாள் முழுக்கப் பேசுகிறாள், அம்மாவுக்குச் சரியான ஜோடி.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முஸ்தோலா வீட்டுப் பெண்கள் பக்கம்தான் நியாயம் என்கிறாள். இத்துடன் பிலிப்பு, தோமா, மத்தேயு, சின்ன யாக்கோபு, அந்தத் தோல் உரிந்தவர். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவள் நான்.

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. போகட்டும். சந்தையில் தார்ப் பீப்பாய் இறக்க வந்தவர்கள் ஒரு செய்தி சொன்னார்கள். நியெமெலா ஊர்க்காரர்கள் பெருமையடித்துக்கொள்கிறார்களாம், நவம்பரில் தங்கள் கோயிலுக்கும் ஒரு ஓவியர் வருகிறார், ஈஸ்டர் வரை இருந்து தீட்டப்போகிறார் என்று. யார் அந்த ஓவியர்? கல்யாணம் ஆகாத பையன் யாராவது இருப்பான். குழந்தை குட்டி உள்ளவன் எவனாவது அப்படி ஒப்புக்கொள்வானா?

வல்புரி

---

குசியார்வி,
செப்டம்பர் 15

அன்புள்ள வல்புரிக்கு,

கன்று கிடாரியா காளையா என்று எழுதவில்லையே! தெரியாமல் தூக்கமே வரவில்லை. நான் சுகம். இங்கே உப்பு மீன் ரொம்ப விசேஷம். மழை கொஞ்சம் கூடுதல்.

ஐவரும் முடிந்தார்கள். மத்தேயுவின் அங்கிக்கு நல்ல செங்காவி கிடைத்தது. இந்தக் கோயிலைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். திருப்பண்ட அறையில் ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த வரைபடம் தொங்குகிறது. அதில் கூரைக்கு மேல் ஒரு பிரமாதமான கோபுரம் இருக்கிறது. நிஜத்தில் கோயிலுக்கு மேல் ஒன்றுமில்லை. மணி அடித்தால் கூரை ஆடும் என்று சொல்லிக் கோபுரத்தைக் கரையோரம் தனியாகக் கட்டிவிட்டார்கள். "கோபுரம் கட்டியாயிற்றா?" என்று ஸ்டாக்ஹோமிலிருந்து கேட்டு எழுதினார்களாம். "கட்டியாயிற்று" என்று போதகர் பதில் எழுதினாராம். எங்கே என்று அவர்களும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மகா புத்திசாலி!

பிரசங்கத்தில் தூங்குகிறவர்களைக் குத்தி எழுப்ப நீளக் கம்போடு ஒருவர் சுற்றிவருகிறார். போன வாரம் என்னையும் குத்தினார்.

மீதி நாலு பேரை உடனே அனுப்பு. நீ ஏதோ ஒரு ஓவியரைப் பற்றிக் கேட்டிருந்தாய். மை தீர்ந்துகொண்டே வருகிறது, அடுத்த கடிதத்தில் பார்க்கலாம்.

ஆப்பெலி

---

ஊலு,
செப்டம்பர் 30

ஆப்பெலி அவர்களுக்கு,

சுகம். கன்று கிடாரி. இனி நன்றாகத் தூங்குங்கள்.

ததேயு, சீமோன், மத்தியா. பெரிய யாக்கோபை எலி தின்றுவிட்டது.

என்னிடம் மை நிறைய இருக்கிறது. எழுதத்தான் ஒன்றுமில்லை.

வல்புரி

---

குசியார்வி,
அக்டோபர் 14

என் அன்பு வல்புரிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் கடிதம்தான் காரணம்.

சரி, நானேதான். நியெமெலாக்காரர்களுக்குக் கையடித்து வாக்குக் கொடுத்துவிட்டேன். ஜூன் மாதமே கொடுத்துவிட்டேன். அன்று மூன்று குவளை பீர் உள்ளே போயிருந்தது, ஆனால் பழியை அதன்மேல் போடமாட்டேன். போன வசந்தத்தில் நான் வீட்டுக்கு வந்தபோது கெர்த்து என்னைப் பார்த்து வீறிட்டு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். நினைவிருக்கிறதா? நான் புறப்பட்ட நாள்வரை பக்கத்தில் வரவில்லை. நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அது தாங்கவில்லை வல்புரி. எந்த ஊருக்குப் போனாலும் குழந்தைகள் வந்து என் தூரிகையைப் பிடித்து இழுக்கின்றன. என் குழந்தைக்கு நான் பூச்சாண்டி. அடுத்த கோயிலுக்குக் கூப்பிட்டார்கள், போய் அங்கேயே இருந்துகொள்ளலாம் என்று தோன்றிவிட்டது. இதை நேரில் சொல்லியிருக்கமாட்டேன்.

எலி கதையை விடு. நம் வீட்டுப் பூனை எலியைப் பார்க்காமல் சோறு இறங்காத ஜென்மம். யாக்கோபை அனுப்பு. பதினொரு பேர் மேலே ஏறியாகிவிட்டது. ஞாயிறுதோறும் எஸ்கோ குடும்பத்தோடு படகில் வந்து, வெறும் கட்டத்துக்குக் கீழே உட்கார்ந்து மேலே மேலே பார்க்கிறார். பிறகு வெளியே வந்து, "இன்னும் வரலையா?" என்று என்னைக் கேட்கிறார்.

உன் ஆப்பெலி

---

ஊலு,
அக்டோபர் 27

அன்புள்ள ஆப்பெலிக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் குளிருக்குப் போர்த்திக்கொள்ளுங்கள்.

எலி தின்னவில்லை. யாக்கோபு எங்கள் படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறார்.

நீங்கள் புறப்பட்ட அன்று மாலை கெர்த்து மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, "அந்த ஆள் போயாச்சா?" என்று கேட்டாள். உடனே படப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பெரிய யாக்கோபு அகலத் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் கோல், முதுகில் மூட்டையோடு நின்றார். அசப்பில் நீங்களேதான். "இதுதான்டீ உங்கப்பா, ஊர் ஊராப் போய் வேலை பாக்கறார்" என்று சொல்லிவைத்தேன். விளையாட்டுக்குச் சொன்னது வினையாகிவிட்டது. காலையில் எழுந்ததும் அவருக்கு வணக்கம். ரொட்டியில் அவருக்கு ஒரு விள்ளல் (பூனை தின்கிறது). யாராவது சத்தம் போட்டால், "அப்பா தூங்கறார், கத்தாத!" என்று அம்மாவையே அதட்டுகிறாள். இன்றைக்கு உங்கள் கடிதம் வாசித்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்து, "அப்பா சிரிக்கறார்" என்றாள். அவர் சிரிக்கவில்லை, ஆப்பெலி. எனக்குத்தான் அழுகை வந்தது.

இந்தப் படத்தைக் கழற்றி அனுப்பினால் அப்பா போய்விட்டார் என்பாள். நீங்கள் மூட்டை கட்டிப் போவதை வருஷாவருஷம் நான் பார்த்தாயிற்று. அவளாவது பார்க்காமல் இருக்கட்டும். உங்கள் எஸ்கோவுக்கு நான் என்ன செய்வேன்? பிடிவாதம் என்று நினைத்தாலும் சரி. இவர் வரமாட்டார்.

வல்புரி

---

கார்னா வீடு, அக்கரை,
நவம்பர் 9

என் வல்புரிக்கு,

கெர்த்து சுகமா? யாக்கோபு சுகமா?

உன் கடிதத்தைக் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் படித்தேன். போதகர் பார்த்துவிட்டார். கண்ணில் வர்ணம் பட்டுவிட்டது என்று சொன்னேன். "ரெண்டு கண்ணுலயுமா?" என்றார். கடிதம் முழுவதையும் சொல்லிவிட்டேன். நியெமெலாவுக்கு அவரே எழுதிவிட்டார், இந்தக் குளிர்காலத்துக்கு வேறு ஏற்பாடு பார்த்துக்கொள்ளச் சொல்லி. ஆக, நான் வீட்டுக்கு வருகிறேன். ஆனால் வர முடியவில்லை. எப்படி என்று கேள்.

படம் இல்லாமலே சமாளித்துவிடலாம் என்று பார்த்தேன். முகம்தானே வராது? யாக்கோபை முதுகைக் காட்டி நிற்க வைத்துவிட்டேன். தொப்பி, மூட்டை, கோல், தூரத்தில் ஒரு பாதை. பன்னிரண்டு பேரில் அந்த மூட்டையைப் போல ஒன்றும் அமையவில்லை. எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை கார்னா வீட்டார் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், நிமிர்ந்து பார்த்தார்கள். எஸ்கோ பிரசங்கம் முடிந்து வந்து, "எங்க வீட்டுல வந்து ஒரு ராத்திரி தங்கி, சவ்னாவுல குளிச்சுட்டுப் போ தம்பி" என்று அன்பாகக் கூப்பிட்டார். வந்தேன். அந்த நீராவி அறையில் நன்றாக வெந்து, வெளியே வந்தால் பூட்ஸைக் காணோம்.

"பூட்ஸா? எங்கிட்டதான் பத்திரமா இருக்கு" என்றார். "பன்னண்டு வருஷம் தூணு மூஞ்சியப் பாத்தாச்சு. தூணாவது முதுகக் காட்டல. பாதி கோயில் என் காட்டு மரம்யா! எல்லாரையும் பாக்கற சாமியாரு எங்களக் கண்டா மட்டும் மூட்டையக் கட்டிக்கிட்டுப் போறாரா? அவரத் திருப்பு. அப்புறம் பூட்ஸ்."

அவர் மனைவி எனக்குச் சாதகமாக, "முகத்த சும்மா போட்டு விட்டுருங்களேன்" என்றாள். பலகையை இங்கேயே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். போட்டேன். அவள் பார்த்துவிட்டு, "யாரு இந்தத் தாடி வச்ச பொம்பள?" என்றாள். நன்றாகப் பார்த்தேன். நீதான் அது. மூக்கு, நெற்றி, கோபம் எல்லாம் அச்சு அசல். படம் பார்க்காமல் எனக்கு வரும் முகம் அது ஒன்றுதான் போலிருக்கிறது. துடைத்துவிட்டேன், மனசில்லாமல்தான்.

வெளியே முழங்கால் பனி. நான் வைக்கோல் திணித்த காலுறையோடு உட்கார்ந்திருக்கிறேன். யாக்கோபு போனால் கெர்த்துவுக்கு அப்பா இல்லை, யாக்கோபு வராவிட்டாலும் கெர்த்துவுக்கு அப்பா இல்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீயே சொல்.

ஆப்பெலி

---

ஊலு,
நவம்பர் 18

அன்புள்ள ஆப்பெலிக்கு,

காலைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். அசடு, அசடு! போயும் போயும் அப்போஸ்தலருக்கு என் கோபத்தையா வரைவது?

கெர்த்துவை மடியில் உட்காரவைத்துக் கேட்டேன். அப்பா படத்தைத் தூரத்து ஊரில் ஒருவர் கேட்கிறார், கொடுத்தால்தான் அங்கே மாட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு அப்பாவை விடுவார், அந்த அப்பாவுக்குப் பூட்ஸ் இல்லை என்றேன். "அந்த அப்பா பேசுமா?" என்றாள். பேசும் என்றேன். "ரொட்டி திங்குமா?" நிறையத் தின்னும் என்று அம்மா உள்ளே இருந்து சத்தம் போட்டாள். பிறகு அவளே கட்டில்மேல் ஏறி யாக்கோபைக் கழற்றினாள். "இந்த அப்பாவக் குடுத்துட்டு அந்த அப்பாவ வாங்கிக்கலாம். நல்லா இல்லேன்னா மாத்திக்கலாம்" என்றாள்.

அனுப்பிவிட்டேன். இனி உங்கள் பாடு. அந்த எஸ்கோவிடம் சொல்லுங்கள், இதைவிடப் பெரிய மரம் அவரும் தன் காட்டிலிருந்து வெட்டிக் கொடுத்ததில்லை.

அன்று ராத்திரி அவள் அழவில்லை. வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள். பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை. சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் வல்புரி

---

ஊலு,
ஜனவரி 10, 1780

மரியாதைக்குரிய போதகர் லகுஸ் ஐயா அவர்களுக்கு,

தங்களுக்கும் தங்கள் மனைவியாருக்கும் மாமியாருக்கும் புது வருஷ வாழ்த்துகள். இங்கே அனைவரும் சுகம். தங்கள் கடிதம் கிடைத்தது. தலைமைப் போதகர் வந்தபோது யாக்கோபின் முகத்தில் வர்ணம் காயவே இல்லை, எஸ்கோ கார்னா இப்போது பிரசங்கம் முழுக்க அண்ணாந்தபடி இருக்கிறார், கம்புக்காரருக்கு வடக்குப் பக்கம் வேலையே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்.

என் கணவர் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தார். வழியில் குளிருமே என்று தங்கள் பழைய அகலத் தொப்பியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அந்தப் புண்ணியம் தங்களைச் சேரும். கதவைத் திறந்ததும் கெர்த்து அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். தொப்பி இருந்தது, மூட்டை இருந்தது, கையில் கோலும் இருந்தது. "வந்துட்டியா?" என்றாள், ஏதோ கடைக்குப் போய்வந்தவரைக் கேட்பதுபோல. இவர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். கண்ணில் வர்ணம் என்று எங்களிடமும் சொல்லிப் பார்த்தார்.

ஆனால் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றியதும் வீறிட்டாளே பார்க்கணும்! "யாரு இது? யாரு இது?" மறுபடி போட்டுக்கொண்டதும் மடியில் ஏறிக்கொண்டாள். கிறிஸ்துமஸ் விருந்தைத் தொப்பியோடு சாப்பிட்டார். தொப்பியோடு தூங்கினார். தொப்பியோடுதான் மாடு கறந்தார், பசு எட்டி உதைத்தது. கோயிலுக்குள்ளும் கழற்ற விடவில்லை. எங்கள் போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு இவரையே பார்த்தார். அக்கம்பக்கத்தில் தலையில் ஏதோ வியாதி என்று பேசிக்கொள்கிறார்கள்.

ஜனவரி ஆறாம் தேதி, பிரகாசத் திருநாள் அன்று காலை நியெமெலாவிலிருந்து ஆள் வந்தான். வசந்தத்துக்காவது ஓவியர் வருவாரா என்று வாசலில் நின்று கேட்டான். கெர்த்து அப்பாவின் மடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்று, இரண்டு கையாலும் தொப்பியைத் தானே கழற்றினாள். வெகுநேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். மூக்கைத் தொட்டாள், தாடியைத் தொட்டாள். அழவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

அன்று முதல் தொப்பியைக் காணோம். இவர் வீடு முழுக்கத் தேடிவிட்டார். ஆகவே தங்கள் பொருளை இப்போதைக்குத் திருப்பி அனுப்ப முடியாததற்கு மன்னிக்க வேண்டும். நியெமெலாக்காரர்கள் தங்களிடம் கேட்டால், தொப்பி கிடைத்ததும் புறப்படுவார் என்று சொல்லிவையுங்கள்.

அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் ஐயா. நான் சொல்லப்போவதில்லை.

இப்படிக்கு,
தங்கள் ஜெபத்தை நாடும்
வல்புரி